வாயில்லாத பெட்டிக்குப் போன சத்தம்

மாமாவின் புகார் வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் வந்தது: "மாப்ள, தட்டு சுத்துது, கோடு ஓடுது, சத்தம் வரல."

விடையில் பாதி அந்த வரியிலேயே இருந்தது. எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கோலாலம்பூர் செந்தூலில், மாமா வீட்டில், கழித்த பிறகுதான் அந்த வரியைத் திரும்பப் படித்தேன். இதே தொல்லை யூஎஸ்பி டர்ன்டேபிள், அதாவது இசைத்தட்டை ஓட்டி அதன் பாட்டைக் கணினிக்கு அனுப்பும் கருவி, வாங்கிய பலருக்கும் வருகிறது என்பதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். நான் தடுமாறிய இடங்களையும் மறைக்கவில்லை.

வீடும் சாமான்களும்

மாமாவின் அப்பா, அதாவது என் தாத்தா, செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். சம்பளம் வந்த வாரம் இசைத்தட்டு வாங்காமல் வீடு திரும்ப மாட்டாராம். அப்படிச் சேர்ந்தவற்றில் 60 சொச்சம் தட்டுகள் இன்னும் மாமாவிடம் இருக்கின்றன. பெரும்பாலும் நிமிஷத்துக்கு 45 சுற்று ஓடும் சின்னத் தட்டுகள், பக்கத்துக்கு இரண்டு சினிமாப் பாட்டு. கொஞ்சம் எல்பி எனும் பெரிய தட்டுகள். நாய்ப் படம் போட்ட எச்எம்வி, கொலம்பியா, ஏஞ்சல் எல்லாம் கலந்து கிடக்கும். கல்கத்தா பக்கம் டம்டம் தொழிற்சாலையில் அச்சாகிக் கப்பலேறி வந்தவை. கோலாலம்பூர் ஈரக்காற்றில் உறைகள் எல்லாம் பூசணம் பிடித்துவிட்டன. தட்டுகள் பரவாயில்லை.

இவற்றைக் கணினியில் ஏற்றிப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று மாமா யூஎஸ்பி வயர் வைத்த ஒரு டர்ன்டேபிளை வாங்கினார். அத்தையின் பழைய விண்டோஸ் 10 மடிக்கணினியில் ஆடாசிட்டியை இறக்கிக்கொண்டார். ஒலியைப் பதிந்து திரும்ப ஓட்டும் இலவச மென்பொருள், இந்த வேலைக்கு அதைவிட வேறெதுவும் வேண்டியதில்லை.

நான் கணினி பழுது பார்க்கிறவன் இல்லை. கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற கூட்டத்தில் பல வருஷம் இருந்தவன். சத்தம் எங்கே தொலைகிறது என்று வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்க்கிற பழக்கம் மட்டும் உண்டு.

நான் போவதற்கு முன் நடந்தவை

மாமா சும்மா இருக்கவில்லை. ஆடாசிட்டியை இரண்டு தடவை அழித்துப் புதிதாகப் போட்டிருக்கிறார். யூஎஸ்பி வயரை மாற்றியிருக்கிறார். சிவப்பு, வெள்ளை வயர்களை எடுத்துத் தன் பழைய ஆம்ப்ளிஃபையரில் சொருகிப் பார்த்திருக்கிறார். அதில் பாட்டு கணீர் என்று கேட்டிருக்கிறது. ஆக டர்ன்டேபிள் சுத்தம். அப்புறம் மடிக்கணினியை மட்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரப் பையன் ஒரு வீடியோவை ஓட்டிக் காட்டி, "அங்கிள், சத்தம் வருதே, எல்லாம் ஓக்கே" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

பையன் சொன்னது பொய்யில்லை. டர்ன்டேபிள் வீட்டில் இருந்தது, குறையும் அதோடு வீட்டிலேயே தங்கிவிட்டது.

நான் கண்டது

தட்டைப் போட்டு ஊசியை இறக்கினோம். ஆடாசிட்டியில் சிவப்பு வட்டத்தை அழுத்தியதும் மேலே மீட்டர் பச்சையாகத் துள்ளியது. கீழே நீல அலை மலைத்தொடர் மாதிரி வரிசையாக எழுந்தது. ஸ்பீக்கரில் சத்தம் இல்லை. நிறுத்திவிட்டுத் திரும்ப ஓட்டினோம். பச்சைக்கோடு அலையின் மேல் நகர்கிறது, பிளேபேக் மீட்டரும் துள்ளுகிறது, ஆனால் மூச்சுக்கூட இல்லை.

அந்த அமைதியில் ஒரு வேடிக்கை. தட்டு ஓடும்போது காதை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் பாட்டு கேட்கிறது. கொசு பாடுவது போல, சன்னமாக, பேஸே இல்லாமல். "பார்த்தியா, உள்ள சத்தம் இருக்கு, வெளிய வர மாட்டேங்குது" என்றார் மாமா. அது மெஷினின் சத்தமே இல்லை. பள்ளத்தில் அதிரும் ஊசி தானே காற்றை உதறுகிற சத்தம் அது. தட்டு வெட்டும்போது அடித்தொனிகளைக் குறைத்து உச்சத்தொனிகளைக் கூட்டித்தான் வெட்டுவார்கள், 1954ல் வந்த ஆர்ஐஏஏ (அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம்) அளவுப்படி. 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபெல் கீழே, 20,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபெல் மேலே. அதைத் திருப்பிச் சமன் செய்வது, ஊசியிலிருந்து வரும் சன்னமான ஒலியைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீ ஆம்ப்பின் வேலை. ஊசி நேராகப் பாடினால் தகர டப்பா மாதிரி கேட்பது அதனால்தான்.

நான் செய்த முதல் தவறு, அரைமணி நேரத்தை மைக்ரோபோன் அனுமதியில் கழித்தது. விண்டோஸ் 10ல் பிரைவசி பகுதிக்குள் டெஸ்க்டாப் மென்பொருள்கள் மைக்கைத் தொடலாமா கூடாதா என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்து வைத்திருந்தால் பதிவு நேர்க்கோடாகத்தான் வரும். எங்களுக்கோ மலை மலையாக அலை வருகிறது. அப்புறம் எதற்கு அங்கே போனேன்? போன வருஷம் வேறொரு வீட்டில் அதுதான் காரணமாக இருந்தது. ஒரு வீட்டுப் பழுதை இன்னொரு வீட்டில் தேடுவது என் பழைய வியாதி.

அத்தை சொன்ன சாட்சி

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தை சாதாரணமாகச் சொன்னார்: "சாயங்காலம் நான் நாடகம் பார்க்கிறப்ப எல்லாம் நல்லாத்தானேப்பா கேட்குது."

"அது சாயங்காலம். காலையில மெஷின் சூடாகியிருக்காது" என்றார் மாமா.

"சாயங்காலம் டர்ன்டேபிள் வயர் சொருகியிருக்குமா அத்தை?"

"அதை உங்க மாமா கழட்டி எடுத்து வச்சிருவாரே. மேசையில இடம் வேணும்ல?"

சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து போனேன். வயரைக் கழற்றி ஒரு வீடியோவை ஓட்டினேன், சத்தம் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரைச் சொருகினேன், பட்டென்று நின்றது. கழற்றினேன், திரும்ப வந்தது. மூன்று தடவை செய்து பார்த்தோம். ஆடாசிட்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. ஆடாசிட்டி திறந்தேகூட இல்லை.

வயரைச் சொருகி வைத்துக்கொண்டே திரையின் வலது மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை ஒருமுறை அழுத்தினேன். ஒலி அளவுக் கோட்டுக்கு மேலே எழுத்து வந்தது: ஸ்பீக்கர்ஸ், அடைப்புக்குள் யூஎஸ்பி ஆடியோ கோடெக்.

இந்த எழுத்தைத்தான் மாமா தினமும் பார்த்திருக்கிறார். 'ஸ்பீக்கர்ஸ்' என்ற முதல் சொல்லைப் படித்ததும் சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார். யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அடைப்புக்குள் இருப்பதை யார் படிக்கிறார்கள்?

ஏன் இப்படி

டர்ன்டேபிளின் அடியில் ஒரு சில்லு இருக்கிறது. ஊசி மாட்டியிருக்கும் தலையான கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் மின்சாரத்தை ப்ரீ ஆம்ப் பெருக்கியதும், அதை எண்களாக்கி யூஎஸ்பி வழியாக அனுப்புவது இதன் வேலை. இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் பர் பிரவுன் பிசிஎம்2900 குடும்பத்துச் சில்லுதான் இருக்கும். 'யூஎஸ்பி ஆடியோ கோடெக்' என்பது அந்தச் சில்லு கணினியிடம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெயர். 16 பிட், அதிகபட்சம் 48,000 ஹெர்ட்ஸ். இசைத்தட்டுக்குத் தாராளம்.

சிக்கல் வேறு இடத்தில். இந்தச் சில்லு இருவழிப் பாதை. ஒலியை உள்ளே எடுக்கவும் தெரியும், வெளியே விடவும் தெரியும். ஆகவே சொருகியதும் கணினியிடம் "நான் ஒரு மைக், நான் ஒரு ஸ்பீக்கர்" என்று இரண்டு முகத்தையும் காட்டும். புதிதாக ஸ்பீக்கர் வந்திருக்கிறது, இவர் அதில்தான் கேட்க விரும்புவார் என்று கணினி முடிவு செய்து எல்லா ஒலியையும் அங்கே திருப்பிவிடும். ஹெட்செட் வாங்கிச் சொருகுகிறவருக்கு இது உபகாரம். டர்ன்டேபிளில் ஸ்பீக்கரும் இல்லை, மாமாவுடைய பெட்டியில் சில்லின் வெளிவழி எங்கேயும் இணைக்கப்படவும் இல்லை. சத்தம் தொலையவில்லை. வாயே இல்லாத பெட்டிக்குள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

ஆடாசிட்டியில் பிளேபேக் இடத்தில் 'மைக்ரோசாப்ட் சவுண்ட் மேப்பர்' என்று இருந்தது. அதற்குச் சொந்தப் புத்தி கிடையாது, விண்டோஸ் எதை இயல்பு ஸ்பீக்கராக வைத்திருக்கிறதோ அதன் பின்னாலேயே போகும். மீட்டர் துள்ளியும் சத்தம் வராததற்கு அர்த்தம் இதுதான். மென்பொருள் தன் கையிலிருந்து ஒலியை அனுப்பிவிட்டது, அதற்கு அப்புறம் வழியில் எங்கேயோ திரும்பிவிட்டது. மீட்டரே அசையாவிட்டால் அது வேறு பழுது, வேறு இடத்தில் தேட வேண்டும்.

சரிசெய்தது

ஸ்பீக்கர் படத்தின் மேல் வலது சொடுக்கு, சவுண்ட்ஸ், அதில் பிளேபேக் பக்கம். மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கரை இயல்பாக்கினேன். யூஎஸ்பி கோடெக் என்ற ஸ்பீக்கரின் மேல் வலது சொடுக்கி 'டிஸேபிள்' கொடுத்தேன். வெறுமனே இயல்பை மாற்றினால் போதும்தான், ஆனால் அது இருக்கிறவரை கணினிக்கு ஆசை வந்துகொண்டே இருக்கும். ரெக்கார்டிங் பக்கத்தில் இருக்கும் அதே பெயர்க்காரரைத் தொடவே கூடாது. பெயர் ஒன்றுதான், அவர்தான் பாட்டைக் கொண்டுவருகிறவர்.

அதே ரெக்கார்டிங் பக்கத்தில் கோடெக்கின் பண்புகளுக்குள் போய் 'அட்வான்ஸ்ட்' பார்த்தால், நான் பயந்த மாதிரியே ஒரு சேனல், அதாவது இடது வலது பிரியாத மோனோ, என்று இருந்தது. கணினி இதை மைக் என்று நினைப்பதால் வருகிற வினை. 2 சேனல், 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ் என்று மாற்றினேன்.

ஆடாசிட்டிக்கு வந்து 'ஆடியோ செட்அப்' பொத்தானில் பிளேபேக் மடிக்கணினி ஸ்பீக்கர், ரெக்கார்டிங் யூஎஸ்பி கோடெக், சேனல் 2 ஸ்டீரியோ. மாமா பதிவு செய்திருந்த ஒரு கோப்பை ஓட்டினேன். பாட்டு வந்தது. அத்தை அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

ஆனால் தட்டு ஓடும்போதே, பதிவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும் என்றார் மாமா. நியாயம்தான், ஊசி மாட்டிக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினால் அப்போதே தெரிய வேண்டும். இது முதல் குறைக்கு அண்ணன் தம்பி மாதிரி தெரியும், ஆனால் வேறு குறை. ஆடாசிட்டி பதியும்போது உள்ளே வருவதை இயல்பாக வெளியே விடாது. டிரான்ஸ்போர்ட் பட்டியலில் டிரான்ஸ்போர்ட் ஆப்ஷன்ஸ், அதற்குள் 'எனேபிள் ஆடிபிள் இன்புட் மானிட்டரிங்' என்ற வரியில் சரிக்குறி போட்டதும் வந்துவிட்டது. பழைய பதிப்புகளில் இதற்கு 'சாஃப்ட்வேர் பிளேத்ரூ' என்று பெயர்.

போட்டவுடன் பாடகி குகைக்குள் நின்று பாடுவது போல் இரட்டைக் குரல். ஜொகூரில் இருக்கும் மகன் தொலைபேசியில் சொன்னான் என்று மாமா ஏற்கெனவே விண்டோஸில் 'லிஸன் டு திஸ் டிவைஸ்' என்பதையும் தட்டி வைத்திருக்கிறார். ஒரே ஒலி இரண்டு வழியாக, இரண்டு வேறு தாமதத்தில் வருகிறது. விண்டோஸில் இருந்த குறியை எடுத்துவிட்டேன். இரண்டில் ஏதாவது ஒன்று போதும்.

கையைத் தட்டிப் பார்த்தது

இனிமேல்தான் எனக்கு உண்மையில் வயிற்றைக் கலக்கிய பகுதி. மாமா அதுவரை 11 பதிவுகள் செய்து வைத்திருந்தார். சத்தம் வந்துவிட்ட சந்தோஷத்தில் முதல் நாள் பதிவை ஓட்டினோம். மலை மலையாக அலை இருந்த கோப்புதான்.

கடுகு வெடித்தது. அத்தை யாரையோ "இரும்மா, வர்றேன்" என்றார். கீழே ரொட்டிக்காரரின் மோட்டார் ஹாரன். அதற்கெல்லாம் அடியில், எங்கோ தூரத்தில், அந்தக் கொசுக்குரல் ஒரு முழுப் பாட்டைப் பாடி முடித்தது.

மடிக்கணினியின் சொந்த மைக் அறையைப் பதிந்திருக்கிறது. ஆடாசிட்டி திறக்கும்போது ஒருமுறைதான் என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கும். மாமா மென்பொருளைத் திறந்துவிட்டு அப்புறம்தான் வயரைச் சொருகியிருக்கிறார். பட்டியலில் டர்ன்டேபிளே இல்லை, இருந்த மைக்கில் பதிந்துவிட்டது. ஒலியை முதல் நாளே கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் பிடித்திருப்பார். ஸ்பீக்கர் ஊமையாக இருந்ததால் 4 கோப்புகள் அப்படியே போயின. மீதி 7 நல்லவை, மூன்றாம் நாள் மகன் சொல்லி ரெக்கார்டிங் சாதனத்தை மாற்றிய பிறகு எடுத்தவை. அந்த நல்லவற்றில் இரண்டைத்தான் 'காலி' என்று நினைத்து மாமா அழித்திருந்தார். ரீசைக்கிள் பின்னில் கிடந்தன, தப்பித்தோம்.

அதனால் மாமாவுக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தேன். பதிவை ஓடவிட்டு, ஊசியை இறக்காமல், மடிக்கணினி முன்னால் பலமாகக் கைதட்ட வேண்டும். மீட்டர் குதித்தால் அது மைக், நிறுத்திவிடு. குதிக்காவிட்டால், நிற்கும் தட்டின் மேல் ஊசியை வைத்து டர்ன்டேபிளின் மரச்சட்டத்தில் விரலால் மெல்லத் தட்ட வேண்டும். அதற்கு மீட்டர் துள்ளினால் சரியான வழியில் வருகிறது. துணி மாதிரி எதையும் வைத்து ஊசியைத் தொடவே வேண்டாம், முனை போய்விடும். மீட்டரைப் பற்றி இன்னொன்று: உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் வைத்துக்கொண்டால் நல்லது. சிவப்பைத் தொட்டு நசுங்கிய பாட்டை அப்புறம் நிமிர்த்த முடியாது.

ஸ்பீக்கரை டர்ன்டேபிள் இருக்கும் அதே மேசையில் வைத்துச் சத்தமாகக் கேட்பதையும் நிறுத்தச் சொன்னேன். அதிர்வு மேசை வழியாக ஊசிக்கே திரும்பிப் போய்ப் பதிவாகும். திருவிழா மேடையில் மைக் ஊளையிடுமே, அதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும்.

திரும்ப வந்தது

பத்து நாள் ஆனது. காலை ஏழு மணிக்கு அழைப்பு.

"மாப்ள, மறுபடியும் ஊமையாயிருச்சு."

"மேசையை நகர்த்துனீங்களா மாமா?"

"தீபாவளிக்குக் கழுவி விட்டாங்க உங்க அத்தை. நகர்த்தினோம், திருப்பி வச்சிட்டோம். உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ஸ்பீக்கர் படத்தை அழுத்துங்க. என்ன எழுதியிருக்கு? அடைப்புக்குள்ள இருக்கிறதையும் படிங்க."

கண்ணாடியைத் தேடினார். "ஸ்பீக்கர்ஸ்... ரெண்டு, ஒரு சின்னக் கோடு, யூஎஸ்பி ஆடியோ கோடெக். முன்னாடி இந்த ரெண்டு இல்லையே?"

அந்த 2 எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. வயரை இடது பக்கத் துளையிலிருந்து எடுத்து வலது பக்கத் துளையில் சொருகியிருக்கிறார்கள். சில்லுக்குத் தனி வரிசை எண் இல்லாவிட்டால், துளை மாறியதும் விண்டோஸ் அதை வேறொரு புதுச் சாதனமாகப் பதிவு செய்துகொள்ளும், பெயருக்கு முன்னால் 2 போட்டு. நான் முடக்கி வைத்தது பழைய துளையின் ஸ்பீக்கரை. புதியவர் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். இதை முன்பே யோசித்திருக்க வேண்டியவன் நான்.

ஆடாசிட்டியை மூடி, வயரைப் பழைய துளைக்கு மாற்றி, அப்புறம் திறக்கச் சொன்னேன். நான்கு நிமிஷத்தில் பாட்டு தொலைபேசி வழியாகவே எனக்குக் கேட்டது. இப்போது அந்த இடது துளைக்குப் பக்கத்தில் சிவப்பு டேப் ஒட்டி 'தட்டு' என்று பேனாவில் எழுதி வைத்திருக்கிறார்.

இன்றைய நிலை

31 தட்டுகள் முடிந்தன. எல்பி ஒரு பக்கம் 20 நிமிஷம் ஓடினால் சிடி தரத்தில் 210 எம்பி சொச்சம் ஆகிறது, ஆடாசிட்டியின் சொந்தக் கோப்பு அதற்கு இரண்டு மடங்கு பிடிக்கும். அதனால் வெளியே சொருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தாத்தாவின் 78 சுற்றுத் தட்டுகள் ஐந்தை இன்னும் தொடவில்லை. அந்தப் பள்ளத்துக்கு 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) ஊசி வேண்டும், எல்பி ஊசியோ 0.7 மில், அடியில் போய் உருண்டு குப்பையைத்தான் படிக்கும்.

நேற்று இரவு இன்னொரு வரி வந்தது: "மாப்ள, வலது பக்கம் மட்டும் கேட்கல." இந்தத் தடவை கணினியைத் தொடப்போவதில்லை. கார்ட்ரிட்ஜின் பின்னால் நான்கு சின்ன வயர்கள் இருக்கும், வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. தீபாவளிக்குத் துடைக்கும்போது சிவப்போ பச்சையோ கழன்றிருக்கும் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சின்ன இடுக்கியோடு போக வேண்டும்.